தங்கராசு அண்ணன் திரும்ப அழைத்த விமானம்

தங்கராசு அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். "தூக்கத்துலயே போயிட்டாங்க சித்தப்பா. கஷ்டப்படல." மூச்சுக்காக வெகுநாள் திணறிக்கொண்டிருந்தவர். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் என் வாயில் வந்தது 'அப்பாடா'தான். விமானப்படையில் அவரோடு வேலை பார்த்த தஞ்சை நண்பர்களே, நீங்கள் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டீர்கள்.

திருப்பனந்தாள் பக்கத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வடக்கே ஒரு தளத்தில் நாங்கள் இருவரும் மிக் போர் விமானங்களுக்கு மெக்கானிக்குகளாக இருந்தோம். சோவியத் நாட்டில் பிறந்த விமானம் அது. பிறகு இங்கேயே செய்யத் தொடங்கினார்கள் என்றாலும், உதிரிபாகங்கள் பல அங்கிருந்துதான் பெட்டி பெட்டியாக வரவேண்டும். வராத நாட்களில், பறக்காமல் நிற்கும் ஒரு விமானத்திலிருந்து கழற்றி, பறக்க வேண்டியதில் மாட்டுவோம். அந்த நிற்கும் விமானத்துக்கு அண்ணன் வைத்த பெயர் 'நாற்றங்கால்'. "இங்க பறிச்சு அங்க நடுறோம், அவ்வளவுதான்" என்பார். வயலில் இறங்குகிறவர் போலவே கால்சட்டையையும் சுருட்டிக்கொள்வார். அதிகாரிகள் திட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய சமயம். ஊரில் கூலித் தகராறு முற்றியிருந்தது. கூலியை உயர்த்திக் கேட்டவர்களை ஒதுக்கிவிட்டு, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். "ஆட்சி மாறிடுச்சுங்கிறாங்க. எங்க வரப்புக்கு இன்னும் சேதி வரல" என்று அண்ணன் கசப்பாகச் சிரிப்பார். அவர் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஒரு காலை, நாற்றங்காலிலிருந்து எடுத்த அளவுமானி ஒன்றை அவசர அவசரமாக விமானி அறையில் மாட்டினார். விமானம் கிளம்பிப் போன பிறகுதான் தட்டைப் பார்த்தார். கழற்றி வைத்த பழைய நட்டுகளில் ஒன்று இல்லை. விமானி அறைக்குள் உருளும் நட்டு கட்டுப்பாட்டுத் தடியின் அடியில் சிக்கினால் போதும், விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது.

"இங்கதான் எங்கயாவது கெடக்கும்ணே. தேடிப் பாத்துட்டுச் சொல்லலாம். வேலை போயிடும்" என்றேன்.

"நாம தேடுற வரைக்கும் பைலட்டு மேலதானே இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அதிகாரியிடம் ஓடினார்.

விமானியை உடனே திரும்ப அழைத்தார்கள். சக்கரம் தரையைத் தொட்டு நிற்கும்வரை அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. இருக்கையைக் கழற்றி மூலைமுடுக்கெல்லாம் தேடினோம். நட்டு கிடைக்கவில்லை. களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தவர், சுருட்டிய கால்சட்டையைப் பிரித்துவிட்டார். மடிப்பிலிருந்து நட்டு விழுந்தது.

விமானிதான் முதலில் சிரித்தார். அதிகாரியும் சிரித்துவிட்டு, இனி யாரும் கால்சட்டையைச் சுருட்டக் கூடாது என்று உத்தரவு போட்டதோடு விட்டுவிட்டார். அண்ணன் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஒண்ணும் ஆகல தம்பி, ஒண்ணும் ஆகல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் அதே விமானி ஏணியில் கால் வைக்கும் முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "தங்கராசு கை பட்ட விமானம்தானே?" ஆமாம் என்றேன். ஏறிப் போய்விட்டார்.

அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். ஓய்வுபெறும்வரை, ஒவ்வொரு விமானத்தை விட்டு இறங்கும்போதும், தங்கராசு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பேன். ஆமாம் என்று சொல்ல வாய் வராத நாட்களில் மறுபடி ஏறியிருக்கிறேன்.