குத்துச்சண்டைக்காரரின் கல்வெட்டு

கடல் தாண்டி வந்த தமிழர்கள் நிறைய வாழும் டண்டினொங்கில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் கடைப் பலகை, கல்யாண அட்டை, மெனு கார்டு எல்லாம் செய்வோம். தமிழில் எது வந்தாலும் என் மேசைக்கு வரும். சேர்ந்த புதிதில் ஒருவர் போனில், "கல்வெட்டு அடிக்கவேணும், எத்தனை நாள் செல்லும்?" என்று கேட்டார். நான் திருச்சிக்காரி. இங்கே கல்லில் எழுத்து வெட்டுவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை இலங்கைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று. வாழ்க்கை வரலாறு, தேவாரம், குடும்பப் படங்கள், கடைசியில் நன்றி. எத்தனையோ செய்துவிட்டேன். பெரும்பாலானவை மறந்துபோயின. ஒரு குத்துச்சண்டைக்காரருடையது மட்டும் மறக்கவில்லை.

அவருடைய மகளும் அக்காவும் வந்திருந்தார்கள். மகள் இங்கே பிறந்தவள், வக்கீல். தாய் முன்பே இறந்துவிட்டாள். அக்கா அறுபதைத் தாண்டியவர். மகள் அவரை மாமி என்று கூப்பிட்டாள்; அத்தையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அட்டைக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொண்டுவந்திருந்தார்கள். கையுறையைக் கழற்றாமலே ஒரு கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் இளைஞன், ஒரு கண் வீங்கியிருந்தது. இலங்கை முழுவதற்குமான போட்டியில் இரண்டு முறை சாம்பியன் என்றாள் மகள். இங்கே வந்தபின் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார்.

வரலாற்றை மகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நான் தமிழாக்கவேண்டும். நடுவில் ஒரு சொல் வந்தது: கான்ஷியன்ஷஸ் ஒப்ஜெக்டர்.

"இதுக்குத் தமிழ் இருக்கா?" என்றாள்.

"மனசாட்சிப்படி ஆயுதம் ஏந்த மறுத்தவர்னு போடலாமா?" என்று தட்டச்சு செய்து, கண்ணாடி கொண்டுவராத மாமிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அழியுங்கோ," என்றார் மாமி.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"மனச்சாட்சி இவனுக்கு மட்டுமோ இருந்தது? போன பிள்ளைக்கு இல்லையோ?"

யார் போனது என்று எனக்குப் புரியவில்லை. மாமி என்னைப் பார்த்தே சொன்னார்.

"வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கத்தில இருந்து கேட்டு வந்தவங்கள், தங்கச்சி. சாம்பியன் எண்டு இவனைத்தான் கேட்டவங்கள். இவன் வாசல் படலையடியில நிண்டு, 'மேடையில குத்துவன், ஆளைக் கொல்ல வரமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டான். ஒரு மாதம் கொண்டுபோய் பதுங்குகுழி வெட்ட விட்டாங்கள். அப்பவும் மாறேல்லை. ஊர் கோழை எண்டு சொன்னது. சின்னவன், எங்கட கடைசித் தம்பி, அதையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிஞ்சவன். ஒருநாள் பள்ளிக்கூடத்தில சைக்கிளை விட்டிட்டுத் தானாப் போயிட்டான். பதினேழு வயசு. திரும்பி வரேல்லை."

சித்தப்பா ஒருவர் போரில் இறந்தார் என்பது மகளுக்குத் தெரியும். அவர் ஏன் போனார் என்பது தெரியாது.

"அப்பா எனக்கு இதைச் சொல்லேல்லை," என்றாள். "மாமி, அப்பா செய்தது பிழையா?"

"பிழை எண்டு நான் சொன்னனானோ? அப்பிடி நினைச்சிருந்தா இவன் கடைசியாக் கிடந்த ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் சோறு கொண்டு போயிருப்பனோ?"

பிறகு என்னிடம், "நான் சொல்லுறன், எழுதுங்கோ," என்றார். எழுதினேன். "போருக்கு வீட்டுக்கு ஒருவரைக் கேட்டபோது இவர் போக மறுத்தார். இவருடைய தம்பி போனார், திரும்பி வரவில்லை." அதற்குமேல் சேர்க்கவேண்டாம் என்றார்.

அப்பாவைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நடந்தது இதுதானே, பிள்ளை."

கடைசியில் தமிழ்ப் பக்கத்தில் மாமியின் இரண்டு வாக்கியங்களும் ஆங்கிலப் பக்கத்தில் மகளின் சொல்லும் போயின. "ரெண்டும் ஒரே புத்தகத்துல வருது, பரவாயில்லையா?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இருவரும் சரி என்றார்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு ரோவிலில் உள்ள அவர்கள் வீட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். கூடத்தில் அவரிடம் சண்டை பழகிய பையன்களும் பெண்களும் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், அவர் நிஜமான ஹீரோ என்று மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். சுவரோரம் நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் தமிழ்ப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய மகனும் போருக்குப் போய்த் திரும்பாதவன் என்று பக்கத்தில் இருந்தவர் என்னிடம் சொன்னார். பெரியவர் புத்தகத்தை நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். மாமி வாசல்வரை போய், "அண்ணை, சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றார். "இல்லைப் பிள்ளை, வாறன்," என்று அவர் போய்விட்டார். மகளும் அதைப் பார்த்தாள். திரும்பிப் போய்ப் பந்தியில் சாப்பாட்டு இலைகளுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தாள்.

நான் கிளம்பும்போது மாமி சமையலறையிலிருந்து கை துடைத்தபடி வந்தார்.

"இன்னும் பத்துப் புத்தகம் அடிச்சுத் தருவியளோ? ஊருக்கு அனுப்பவேணும்."

"ஆமா ஆன்ட்டி, செவ்வாய்க்கிழமை தந்துடறேன். எதுவும் மாத்தணுமா?"

"வேண்டாம். சின்னவனுக்கு நாங்கள் கல்வெட்டு ஒண்டும் அடிக்கேல்லை, தங்கச்சி. உடம்பும் வரேல்லை, நாளும் தெரியாது. அவனைப் பற்றி அச்சில வந்தது இந்த ஒரு வரிதான்."

செவ்வாய்க்கிழமை மகள்தான் வந்தாள். தமிழ்ப் பக்கத்தில் எதையும் மாற்றச் சொல்லாமல் பத்துப் புத்தகத்தையும் வாங்கிப்போனாள்.