மோர்ஸ் தேர்வில் தோற்ற எங்கள் அக்கா

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட நினைவு மலர்களில் மறைந்தவரைப் பற்றி நல்லதையே எழுதுவார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியும் நல்லதையே எழுதுவார்கள். முதலாவதை மனதாரச் செய்வேன். இரண்டாவது என்னால் ஆகாது. அக்காவின் கணவரான மாமாவிடம் இதைச் சொன்னேன். "எழுதுடா. ஆனா அக்கா போட்டோ கீற புக்குல அந்தாளு பேரு மட்டும் வரக்கூடாது," என்றார். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒருவர் 'தலைவர்' என்று மட்டுமே வருவார். செங்கல்பட்டில் இயங்கும் ஒரு வானொலி ஆர்வலர் கழகத்தின் தலைவர் அவர்.

அக்கா பிறந்தது சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் பின்புறத் தெருவில். அப்பா கடலுக்குப் போனவர். அம்மா திருக்கழுக்குன்றத்தில் மீன் விற்றவர். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கை நடுக்கம் உண்டு. அப்பாவுக்கும் இருந்தது. வலி கிடையாது, வேறு தொந்தரவும் கிடையாது. ஆனால் ஊசியில் நூல் கோக்க முடியாது, நிறைந்த டம்ளரைத் தூக்க முடியாது. நெற்றிப் பொட்டு எப்போதும் ஒரு பக்கம் தள்ளியே இருக்கும். பெண் பார்க்க வந்த முதல் வீட்டார், காபித் தட்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர் மாமா. அவர் எழுந்து வந்து தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். மீன் வண்டி ஓட்டும் அந்த மனிதரைப் பற்றி இதற்கு மேல் நான் புகழ வேண்டியதில்லை.

திருமணத்துக்கு முன்பிருந்தே அக்கா முட்டுக்காட்டில், படகுச் சவாரி நடக்கும் இடத்தில் வேலை பார்த்தார். நேரம் முடிந்த படகுகளையும், போகக் கூடாத பக்கம் போகும் படகுகளையும் வாக்கி டாக்கியில் கூப்பிட்டுத் திருப்பும் வேலை. காற்றும் மோட்டார் இரைச்சலும் எவ்வளவு இருந்தாலும் அக்கா சொன்னதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. "ஒம்போதாம் நம்பர் போட்டு, பாலத்துப் பக்கம் போவாதீங்க, திரும்புங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும். உரக்கக் கத்த மாட்டார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும்.

அங்கேதான் ரேவதி அறிமுகமானார். பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு விடுமுறை நாளில் மாணவர்களோடு வந்து, இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே கம்பி கட்டி, சிறிய பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு அந்தமானில் இருந்த யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வேலை முடிந்த அக்கா வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"இதுக்கு இன்னா படிச்சிருக்கணும் மேடம்?"

"பெரிசா ஒண்ணும் வேணாம். ஒரு பரீட்சை இருக்கு. எழுதுறீங்களா?"

எழுதினார். பாஸ் செய்தார். 'ஹாம்' என்று சொல்லும் அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கிவிட்டார் என்றதும் உறவினர்கள் பலர், எந்த ரேடியோவில் எத்தனை மணிக்கு வருகிறார் என்று விசாரித்தது நினைவிருக்கிறது. அவர்களுக்காகச் சொல்கிறேன். இது பாட்டுப் போடும் வானொலி அல்ல. சொந்தக் கருவி வைத்துக்கொண்டு, லாப நோக்கமின்றி, உலகில் எங்கோ இருக்கும் இன்னொருவரோடு பேசுவது. புயலோ வெள்ளமோ வந்து போன் செத்துப்போனால் இவர்கள்தான் செய்தி கொண்டுபோவார்கள். அக்கா வாங்கியது சின்ன உரிமம். குறைந்த சக்தியில், சில அலைவரிசைகளில் மட்டும் பேசலாம். முழு உரிமம் வேண்டுமென்றால் மோர்ஸ் தெரிய வேண்டும். எழுத்துகளைக் குறிலும் நெடிலுமான ஓசைகளாக மாற்றி, 'சாவி' எனப்படும் சிறு விசையைக் கையால் தட்டி அனுப்பும் முறை அது. வாங்கவும் தெரிய வேண்டும், அனுப்பவும் தெரிய வேண்டும்.

வாங்குவதை அக்கா சீக்கிரமே பழகிவிட்டார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடியே போவார். அனுப்புவதுதான் வரவில்லை. நடுங்கும் கை ஒரு குறிலை இரண்டாகத் தட்டியது. மணிக்கட்டில் மணல் பையைக் கட்டிப் பார்த்தார், இடது கையால் தட்டிப் பார்த்தார். தேர்வு நடத்திய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். "உங்களுக்குத் தெரியுதும்மா, ஆனா கை ஒத்துழைக்கல. ரூல் இருக்கு, நான் என்ன பண்றது?" இரண்டு முறை போனார். இரண்டு முறையும் அதே பதில்.

நான் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தா. ஒரு விதியைப் பார்த்தால், இதை யாருக்காக எழுதினார்கள் என்று கேட்பது என் தொழில் பழக்கம். கப்பல்களும் தந்தி அலுவலகங்களும் மோர்ஸில் பேசிய காலத்தில், குறுக்கே வந்து கெடுக்காமல் இருக்க எல்லோருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது, சரி. கப்பல்கள் அதை விட்டுவிட்டன. தந்தியை மூடிவிட்டார்கள். பல நாடுகள் இந்தத் தேர்வையே எடுத்துவிட்டன. பிறகும் இங்கே அது எதற்காக நின்றது? உள்ளே இருப்பவர்களுக்கு வாசலுக்கு வெளியே ஓர் ஆள் நின்றால் பெருமையாக இருக்கிறது. அவ்வளவுதான். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அரசு விதியாவது எழுதி வைத்த விதி. தலைவர் அதற்கு மேல் ஒரு விதி செய்திருந்தார். முழு உரிமம் இல்லாதவர் அவருடைய கழகத்தில் ஓட்டுப் போட முடியாது, பேரிடர்க் காலத்தில் கழகம் நடத்தும் 'நெட்' என்ற வானொலி வலையில் செய்தி தரவும் முடியாது. சந்தா மட்டும் கட்டலாம். "மோர்ஸ் தெரியாதவன் ஹாம் இல்ல, மைக் பிடிச்ச ஆள்" என்பது அவர் மேடைதோறும் சொல்லும் வாசகம். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் ஆரம்பத்தில் சிரித்திருக்கிறார்.

பிறகு அந்தப் புயல் வந்தது. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. சிறிது நேரத்தில் எங்கள் பக்கம் போன்களும் போயின. நான் அன்று ஊரில்தான் இருந்தேன். மாமாவின் வண்டி பேட்டரியைக் கழற்றி வந்து அக்காவின் கருவிக்குக் கொடுத்தோம். அடுத்த தெருச் செல்விக்கு அன்று பிரசவ வலி கண்டது, ரத்தமும் போனது. கடற்கரைச் சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. மாமா வண்டியில் ஏற்றிப் போகலாம் என்று புறப்பட்டு, தெருமுனையிலேயே சாய்ந்து கிடந்த கம்பத்தைப் பார்த்துத் திரும்பி வந்தார்.

செங்கல்பட்டில் தலைவரின் நிலையம்தான் எல்லா ஊர்ச் செய்திகளையும் வாங்கி அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா அவரை அழைத்தார். முட்டுக்காட்டில் படகைக் கூப்பிட்ட அதே குரல்.

"அவசரச் செய்தி. சதுரங்கப்பட்டினம். பிரசவ வலியில ஒரு பெண், ரத்தப்போக்கு இருக்கு. ஆம்புலன்ஸ் வேணும். கடற்கரை ரோடு அடைச்சிருக்கு, உள் ரோட்டு வழியா வரணும்."

"உங்க லைசென்ஸ் என்ன கிரேடு?"

"சின்னதுதான் சார். செய்திய எடுத்துக்குங்க சார்."

"முழு லைசென்ஸ்காரங்கதான் இந்த நெட்ல செய்தி தரலாம். உங்க ஏரியால யாராவது இருந்தா வரச் சொல்லுங்க. நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க."

"இங்க வேற ஆளு இல்ல சார். நான் ஒருத்திதான் கீறேன்."

அவர் அடுத்த நிலையத்தைக் கூப்பிடப் போய்விட்டார். அக்கா மீண்டும் மீண்டும் அழைத்தார். ஒவ்வொரு முறையும், குறுக்கே வர வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. தலைவருடைய குரலை நானே கேட்டேன். பதற்றம் இல்லை, கோபம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் வரிசை ஒழுங்குபடுத்துகிறவர் குரல். ரேவதி அன்று தன் ஆய்வகத்தில் புகுந்த தண்ணீரை வெளியேற்றிவிட்டுத் தாமதமாகத்தான் கருவியைப் போட்டிருக்கிறார். அவருக்கு முழு உரிமம் உண்டு.

"சதுரங்கப்பட்டினம், செய்திய எனக்குச் சொல்லுங்க. பொத்தேரியில போன் வேலை செய்யுது," என்று அவர் நடுவில் புகுந்தார். தலைவர் ஏதோ சொன்னார். ரேவதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் உள் சாலை வழியாக வந்தது.

செல்வி பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் மாமா கேட்டார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் அவர். எனக்கும் தெரியாது. அக்காவும் கடைசிவரை அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு தலைவரின் வாசகத்துக்கு அவர் சிரித்ததில்லை.

அடுத்து நடந்த கழகக் கூட்டத்துக்கு அக்கா போனார். நானும் மாமாவும் கூடப் போனோம். தலைவர் மோர்ஸின் பெருமையைப் பேசினார். குரல் கேட்காத இரைச்சலிலும் மோர்ஸ் கேட்கும், குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும், கற்றுக்கொள்ள ஒழுக்கம் வேண்டும் என்றார். அக்கா எழுந்தார்.

"சார், நீங்க சொல்றது எல்லாமே நெசம். மோர்ஸ் நல்லதுதான். நானே தெனமும் கேக்கறேன். கத்துக்கிறவங்க கத்துக்கட்டும். ஆனா அன்னிக்கு என் குரல் உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

"அது வேற விஷயம்மா."

"கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு. ஆனா ரூல்னு ஒண்ணு…"

"கேட்டுச்சுன்னு சொல்லிட்டீங்க. போதும் சார்."

விதியை மாற்ற ரேவதி தீர்மானம் கொண்டுவந்தார். யாருக்கு அந்த விதியால் நஷ்டமோ அவர்களுக்கு ஓட்டு இல்லை. தீர்மானம் தோற்றது. ரேவதி அன்றே விலகினார். வெளியே வந்ததும் மாமா, "இவங்களோட இன்னா பேஜாரு. வுடு, நாஸ்தா துன்னலாம் வா," என்று எங்களை ஓட்டலுக்கு அழைத்துப் போனார். அக்கா இட்லியைப் பிட்டபடி, "நாமளே ஒண்ணு ஆரம்பிச்சா இன்னா?" என்று கேட்டார்.

ஆரம்பித்தார். முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை, படகுக்காரர்கள், மீன் வியாபாரிகளின் பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், பொத்தேரி மாணவர்கள் என்று ஒரு குழு சேர்ந்தது. பெரும்பாலும் சின்ன உரிமக்காரர்கள். யாருக்கு எந்த உரிமம் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. மோர்ஸ் கேட்க ஆசைப்பட்டவர்களுக்கு அக்காவே சொல்லிக்கொடுத்தார். இதை அறிந்த தலைவர், "பாத்தீங்களா, கடைசியில மோர்ஸுக்குத்தான் வந்தாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஒருவர் விரும்பிச் செய்வதற்கும் கழுத்தில் கை வைத்துச் செய்ய வைப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது?

சென்ற ஆண்டு அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. கடைசி வாரங்களில் பேச்சு குறைந்தது. குழுவினர் தினமும் மாலையில் கருவியில் பேசுவதைப் படுத்தபடியே கேட்பார். யாராவது சொல்லை விழுங்கினால் மாமாவிடம், "நிறுத்திப் பேசச் சொல்லு" என்பார். ஒரு பகல் பொழுதில், மாமாவும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போனார்.

சென்ற மாதம் தலைவர் வீட்டுக்கு வந்தார். பழங்கள் வாங்கி வந்திருந்தார். அக்காவின் படத்தை வணங்கினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஆண்டுதோறும் கழகம் மோர்ஸ் வேகப் போட்டி நடத்துகிறதாம். யார் அதிக வேகத்தில் தவறில்லாமல் தட்டுகிறாரோ அவருக்கு இனி அக்காவின் பெயரில் சுழற்கோப்பை.

மாமா டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"சார், கை நடுங்குதுன்னுதான என் வூட்டுக்காரிய வெளிய நிக்க வெச்சீங்க? இப்ப கை நடுங்காம தட்டுறவனுக்கு அவ பேர்ல கப்பா? இன்னா சார் பேசிகினு கீறீங்க?"

"அவங்களுக்கு ஒரு மரியாதை பண்ணலாம்னுதான்…"

"மரியாத அன்னிக்குப் பண்ணியிருக்கணும். செல்வியாண்ட போய் இந்தக் கப்பக் காட்டுங்க, அவ இன்னா சொல்றான்னு பாப்போம். டீ ஆறுது, குடிங்க சார்."

தலைவர் டீயைக் குடித்தார். எழுந்து போனார். பழங்களை மாமா தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்கு அந்த உலகத்தின் கதவைத் திறந்துவிட்ட ரேவதிக்கும், சிகிச்சையின்போது ரத்தம் கொடுத்த முட்டுக்காட்டுத் தோழர்களுக்கும், கடைசி நாள்களில் மகளைப் போல் கூட இருந்து கவனித்த செல்விக்கும், வாடகை வாங்காமல் பந்தல் போட்டவருக்கும், மாமா வண்டி எடுக்க முடியாத நாள்களில் அவருடைய வாடிக்கையைப் பிடுங்காமல் காத்த சக வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

கழகத்துக்கும் இந்த மலரின் பிரதி வரும். கோப்பை எங்களுக்கு வேண்டாம், அக்காவின் பெயரை அதில் பொறிக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. எதையாவது செய்தே தீர வேண்டுமென்றால், அடுத்த கூட்டத்தில் உங்கள் விதிப் புத்தகத்தை எடுத்து, முழு உரிமம் இல்லாதவர் செய்தி தரக்கூடாது என்ற அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். விழா வேண்டாம். அதற்கு யார் பெயரையும் வைக்க வேண்டாம்.