பூச்சியங்களைக் கூட்டினால் மூன்று

கூட்டல் பிழை திருத்தப் போய் யாராவது பயந்து திரும்புவார்களா? நான் திரும்பினேன்.

போன மாதம் புஷ்பராணி போனில் கோல் எடுத்தாள். கெலிஓயாவில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவள். இப்போது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பு. அம்மாமார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்.

"மிஸ், நான் அனுப்புன ஷீட்ட ஆபீஸ்ல திருப்பிட்டாங்க. டோட்டல் பிழையாம். ஒருக்கா வந்து பார்க்க ஏலுமா?"

போனேன். மத்தியானம்தான், ஆனால் மலை தெரியாத பனிமூட்டம். உள்ளே சேலைத் தொட்டில்களில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லெப்டொப்பைத் திறந்தாள்.

வரிக்கு வரி பூச்சியம். கீழே டோட்டல் மட்டும் 3!

எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய விளையாட்டு இது. தசமங்களை மறைத்துவிட்டால் திரை கிட்டிய முழு எண்ணைத்தான் காட்டும். கூட்டும்போது மட்டும் உள்ளே இருக்கும் உண்மையான எண்ணைக் கூட்டும். ஒவ்வொரு வரியையும் ரவுண்ட் பண்ணிவிட்டால் டோட்டலும் பூச்சியமாகிவிடும். ஒரு நிமிட வேலை... தட்டப் போனவள், சும்மா கேட்டேன்.

"என்ன கணக்கு இது? கொழுந்து நிறுத்த கணக்கா?"

"இல்ல மிஸ். பின் செவுத்து வெடிப்பு. ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சிருக்காங்க. கிழமைக்கு எத்தன சென்டிமீட்டர் கூடுதுன்னு அளந்து போடணும்."

விரலை எடுத்துவிட்டேன்.

தசமங்களைத் திறந்தேன். 0.1... 0.1... 0.2... கீழே போகப் போக 0.3, 0.4. உண்மையான பூச்சியம் ஒன்றுகூட இல்லை. முந்தியதைவிடக் குறைந்ததும் இல்லை.

"அளக்கும்போது விளங்கலையா, புஷ்பராணி?"

"துளியூண்டுதானே மிஸ் கூடும். இங்க போட்டா பூச்சியம்னு வேற காட்டுது. சரி, ஒண்ணுமில்லன்னு நெனச்சிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன். பின்வரிசைத் தொட்டில்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்கின. காற்றே இல்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகுதான் விளங்கியது — தொட்டில்கள் நேராகத்தான் தொங்குகின்றன. சாய்ந்திருப்பது சுவர்.

சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம். யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி, மெதுவாக, விடாமல்...

"அல்லாஹ்வே! பிள்ளைகளத் தூக்குங்க."

"முழிச்சா அழுவாங்க மிஸ்."

"அழட்டும்."

ஆளுக்கு இரண்டு பேராக, திரும்பத் திரும்ப வந்து, எல்லோரையும் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆச்சரியம், ஒரு குழந்தையும் அழவில்லை. கண்ணை அகலத் திறந்துகொண்டு, எங்கள் தோளுக்குப் பின்னால் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தன.

யாரைக் கேட்டுப் பிள்ளைகளை மாற்றினாய் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை போனில் சத்தம் போட்டார். புஷ்பராணி குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"யாரையும் கேக்கல சேர். நான்தான் மாத்துனேன். திரும்பக் கொண்டு போக மாட்டேன்."

தசமங்களோடு ஷீட்டை அனுப்பினோம். மறுநாளே அதிகாரிகள் வந்து பார்த்துக் கட்டடத்தை மூடினார்கள்.

அடுத்த கிழமை, மழையே இல்லாத ஒரு பகலில், பின்பக்க மலை அப்படியே இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லையாம். இப்போது அந்த அறைக்குள், மலையோடு இறங்கி வந்த தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல் நிற்கின்றனவாம் — யாரோ அங்கேயே நட்டு வளர்த்த மாதிரி.

நேற்று புஷ்பராணியோடு பேசினேன்.

"பிள்ளைங்க எல்லாம் சொகம் மிஸ். தூங்கத்தான் மாட்டேங்குதுங்க."

நானும்தான்.