முப்பத்தேழு கறுப்பு

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து முப்பத்தைந்துக்கு ஆபீஸ் போன் அடித்தது. நான்காவது மணியில் எடுத்தேன்.

"காலண்டர் ஆபீஸா? நான்தான், மாலை போட்டிருக்கிற ஆளு பேசுறேன்."

"எந்த மாலைங்க?"

"சந்தன மாலை. ரெண்டு பக்கமும் விளக்கு எரியுதுல்லா... அதுக்கு நடுவுல இருக்கவன்."

கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியவர். வயது எண்பத்திரண்டு. அவர் கடைக்கு நாங்கள் அடித்த தினசரி காலண்டர் அட்டையின் மாதிரி ஒன்று முந்தின நாள்தான் பஸ் பார்சலில் போயிருந்தது. அதில் அவர் காலமாகியிருந்தார்.

"வீட்டுல அம்புட்டுப் பேரும் பதறிட்டாக," என்றார் உற்சாகமாக. "மருமக மட்டும் போட்டோ நல்லாருக்குன்னு சொன்னா."

கணக்கு வாத்தியாராக ஓய்வுபெற்ற நான், திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் அரைநாள் புரூஃப் பார்க்கிறேன். இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: பதினேழு படி ஏறினால் ஆபீஸ். உள்ளே நான்கு பேர் — எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் முதலாளி, டிசைனர் முருகேசன், ஆர்டரையும் மெயிலையும் கவனிக்கும் ஜெயராணி, நான். கம்ப்யூட்டர் மூன்று. மெயில் ஐடி... ஒன்றே ஒன்று.

ஒரே மெயில் மூன்று திரையிலும் தெரிந்தால் யார் பார்ப்பது? அதற்கு அண்ணாச்சி ஒரு ரூல் வைத்திருக்கிறார். திறக்காத மெயில் தடித்த கறுப்பு எழுத்தில் இருக்குமல்லவா? அதற்கு எங்கள் ஆபீஸில் பெயரே 'கறுப்பு'. கறுப்பு இருந்தால் வேலை பாக்கி. திறந்தால் கறுப்பு போய்விடும். திறந்தவர்தான் அந்த வேலையை முடிக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று வருடம் சண்டையில்லாமல் ஓடியது.

இதில் எனக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. எனக்குப் புரூஃப் தாளில்தான் வரும். ஆனால் என் மேஜையிலும் ஒரு திரை இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு எண் இருக்கிறது — இத்தனை மெயில் திறக்கவில்லை என்று. அதை வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக உட்காருவது?

பெரியவர் போன் செய்வதற்கு முந்தைய வியாழக்கிழமை நல்ல மழை. பத்து மணிக்கு நெட் போய்விட்டது. ஜெயராணி மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போயிருந்தார். முருகேசன் கீழே மெஷினில். திரை ஓரத்தில் முப்பத்தேழு.

நெட் அடிக்கடி போவதால், வந்த மெயிலெல்லாம் மூன்று கம்ப்யூட்டரிலும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்படி செய்து வைத்திருக்கிறார்கள். நெட் இல்லாவிட்டாலும் படிக்கலாம். நான் யோசித்தேன்... நெட்தான் இல்லையே, இங்கே நான் செய்வது இங்கேயேதானே கிடக்கும்? யாருக்கு என்ன நஷ்டம்?

திறந்தேன், மூடினேன். திறந்தேன், மூடினேன். படித்தேனா என்று கேட்காதீர்கள். திறந்தேன். பதினோரு நிமிடத்தில் ஜீரோ. அந்த ஜீரோவைப் பார்த்தபோது வந்த நிம்மதி எனக்கு ரிட்டயர்மென்ட் அன்று கூட வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நெட் வந்தது. நெட் இல்லாதபோது நாம் செய்ததையெல்லாம் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்து, நெட் வந்ததும் மற்ற கம்ப்யூட்டர்களிடம் போட்டுக்கொடுத்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் ஜீரோ மூன்று திரைக்கும் போய்விட்டது.

ஜெயராணி வந்து பார்த்தார். கறுப்பே இல்லை. முருகேசன் முடித்துவிட்டார் போல என்று நினைத்தார். முருகேசனோ, ஜெயராணி முடித்துவிட்டுத்தான் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தார். அன்று சாயங்காலம் ஒருவரையொருவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டு எல்லோரும் டீ குடித்தோம்.

அந்த முப்பத்தேழில் முப்பத்தொன்று விளம்பரம். ஐந்து பேர், பதில் வராததால் போன் செய்து காரியத்தை முடித்துக்கொண்டார்கள். மிச்சம் ஒன்று, நாங்கள் மெயிலில் அனுப்பிய டிசைனைப் பார்த்துவிட்டுப் பாத்திரக்கடைப் பெரியவரின் மகன் போட்டது: 'அப்பா நல்லா இருக்காங்க. மாலையையும் விளக்கையும் எடுத்துடுங்க.'

சீசனில் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருத்தம் வராவிட்டால் மெஷினில் ஏற்றிவிடுவோம். ஏற்றினோம். இரண்டாயிரம் அட்டை.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு எப்படிய்யா மாலை போட்ட?" என்று முருகேசனைக் கேட்டேன்.

"கறுப்பு வெள்ளை போட்டோ அனுப்புனா வேற என்ன சார் அர்த்தம்? நீங்களும்தான் 'பிழை இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீக."

போட்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இல்லைதான். ஆள் இருக்கிறாரா என்பது புரூஃப் பார்ப்பவன் பார்வைக்கு வருவதில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி நேரே ஜெயராணி மேஜைக்கு வந்தார். அந்த மெயிலைத் தேடி எடுத்தார்கள். கறுப்பு இல்லை.

"தொறந்தது யாரு?"

"நான் தொறக்கலை அண்ணாச்சி."

"பெறகு காத்து வந்து தொறந்துச்சாக்கும்?"

"சத்தியமா நான் பார்க்கலை."

"மெயிலு ஒன் பொறுப்பு. திங்கக்கிழமையிலருந்து கீழ தேதிக்கட்டு அடிக்கப் போ. இந்தச் சீட்டுக்கு வேற ஆள் பார்த்துக்கிடுதேன்."

அட்டையில் தேதித் தாள் கட்டை வைத்து அடிக்கும் வேலையில்தான் ஜெயராணி பதினோரு வருடம் நின்றார். ஆமாம், நின்றார். கீழே நாற்காலி கிடையாது. வேலை முடிந்து கம்ப்யூட்டர் கிளாஸ் போய்ப் படித்து, பதினேழு படி ஏறி வந்து உட்கார்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நாற்காலி முதுகில் போட்டிருந்த சின்னத் துண்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

நான்? 'கறுப்பு இல்லை' என்று கேட்ட அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது மணி பத்து நாற்பத்தெட்டு. ஒரு டீ குடித்தேன். ஒரே புரூஃபை மூன்று முறை படித்தேன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் எழுபத்தொரு வயதில் காலை நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதுதான் பயம். வேறு காரணம் சொன்னால் பொய்.

பதினொன்றரைக்கு எழுந்து அண்ணாச்சி அறைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, தொறந்தது நான். முப்பத்தேழையும்."

"எதுக்கு சார்?"

"எண்ணிக்கை குறையட்டும்னு..."

"குறைஞ்சுதா?"

"ஜீரோ."

"ரூலு என்ன சார்?"

"திறந்தவர் முடிக்கணும்."

"அப்பம் திங்கக்கிழமை நீங்க கீழ போங்க. ஒரு ஆளை அனுப்புறேன்னு சத்தமாச் சொல்லிட்டேன். ஆள் போயாகணும்ல."

அட்டை திரும்ப அடித்தோம், மாலை விளக்கு இல்லாமல். பெரியவரிடம் அண்ணாச்சி போனில் மன்னிப்புக் கேட்டார். "பழசுல ஒரு நூறை மட்டும் எடுத்து வைங்க. வீணாப் போகாது," என்றாராம்.

இந்தத் திங்கட்கிழமை நான் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டு அடித்தேன். நின்றுகொண்டுதான். மாடியிலிருந்து ஜெயராணி இறங்கி வந்து பார்த்து, பத்தொன்பதைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் கோணல். கணக்கு வாத்தியாருன்னாக... நேர்கோடு நடத்துனதே இல்லையா சார்?"

சிரித்தேன். ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை, துண்டைத் திரும்ப நாற்காலியில் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "நீங்கதான் தொறந்தீகன்னு எப்பம் சார் ஞாபகம் வந்துச்சு?"

"இப்பத்தாம்மா," என்றேன்.

எதையும் எண்ணிச் சொல்கிறவன் அதை மட்டும் எண்ணாமல் சொல்லிவிட்டேன்.

இந்தப் பத்தி வாராவாரம் அந்தப் பொது மெயிலில் இருந்துதான் பத்திரிகைக்குப் போகிறது. அனுப்புவது ஜெயராணி. ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்காமல் அனுப்ப மாட்டார்.

நாற்பத்திரண்டு நிமிடம், ஜெயராணி. படித்துவிட்டு அனுப்பவும்.