திறந்ததும் வரும் முதல் பக்கம்

முன்பின் தெரியாதவர் பெயர் கேட்டால் குழந்தை சொல்ல வேண்டுமா, கூடாதா? நான்கு வயது மகளுக்குக் காலையில் என் போன் நம்பரைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மாலையில், "யார் கேட்டாலும் எதுவும் சொல்லாதே" என்கிறேன். இரண்டுக்கும் அவள் சமர்த்தாகத் தலையாட்டுகிறாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை.

என் அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. வெளியாட்களிடம் பேரும் சொல்லக் கூடாது, தெருவும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அப்போது எனக்கு ஆறு வயது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று வீட்டில் எனக்கு நல்ல பெயர்.

அந்த வருஷம் வைகாசி கருட சேவைக்கு, கூட்டத்தில் காணாமல் போகும் குழந்தைகளுக்காகச் சித்தப்பாவும் அவருடைய கல்லூரி நண்பர்களும் ஒரு பந்தல் போட்டார்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையே அங்கே கொண்டுபோவதாக ஏற்பாடு. விவரங்களைப் பதிய, காசில்லாமல் கிடைத்த ஒரு எடிட்டர் மென்பொருளைச் சித்தப்பா தயார் செய்தார். ஃபைலைச் சும்மா திறந்தால் ஒரு குழந்தைக்கு ஒரு வரி. பெயர், அப்பா பெயர், தெரு, உடை, அடையாளம், குழந்தை சொன்னது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் இன்னொரு சின்ன ஃபைலில், ஒரு வரியில் எத்தனை விவரம், எதை எங்கே காட்ட வேண்டும் என்று அவர் எழுதிவைத்ததும், அதே வரி ஒரு படிவமாக விரிந்தது. குழந்தைக்கு ஒரு பக்கம்.

சோதித்துப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்.

"நான் யாரோ ஒருத்தன். நீ காணாமப்போன பொண்ணு. உன் பேரு இன்னாமா?"

"சொல்ல மாட்டேன்."

"அடியே, நான் உன் சித்தப்பாடி!"

"இப்ப நீ யாரோதானே? நீதான சொன்ன!"

சிரித்துக்கொண்டே என் விவரத்தைத் தானே நிரப்பினார். இடது புருவத்தில் தழும்பு என்று போட்டார். "சொன்னது" என்ற இடத்தில், "சொல்ல மாட்டேன்" என்று நான் சொன்னதையே டைப் செய்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சின்ன ஃபைலுக்குப் போய் ஏதோ மாற்றினார். மறுபடி படிவம் வந்தபோது, அடியில் கிடந்த "சொன்னது" உச்சிக்கு வந்திருந்தது. அடுத்தது அடையாளம். பெயர் கீழே போய்விட்டது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு எழுதினியா?"

"வரி அப்படியேதான் இருக்குது. காட்டுற விதத்த மட்டும் மாத்தினேன்."

கருட சேவை அன்று நானும் அம்மாவும் தெருமுனையில் நின்றோம். கருட வாகனம் முனை திரும்பியதுதான் தாமதம், கூட்டம் மொத்தமும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டது. அம்மாவும்தான். அந்த இரண்டு கையில் ஒன்றைத்தான் நான் பிடித்திருந்தேன்.

நான் திரும்பிப் பார்த்தபோது சுற்றிலும் வேறு வேறு புடவைகள். பூ விற்கிற ஒரு அம்மாள் என்னைப் பந்தலில் கொண்டுபோய் விட்டார். சித்தப்பா அங்கே இல்லை. தெருக்கோடியில் மோர் ஊற்றப் போயிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்காவை நான் பார்த்ததே இல்லை.

"அழாத கண்ணு. பேரச் சொல்லு. மைக்குல சொன்னா அம்மா ஓடி வந்துடுவாங்க."

எனக்கு அம்மா வேண்டும். ஆனால் சொல்லக் கூடாது என்றதும் அம்மாதான்.

"சொல்ல மாட்டேன்."

அக்காவின் கை நின்றது. "இன்னாது?"

"சொல்ல மாட்டேன்!"

"அட! காலைல தொறந்ததும் முதல் பக்கத்துல இதேதான இருந்துச்சு!" என்று அந்தப் பக்கத்துக்குப் போனார். என் முடியை ஒதுக்கிப் புருவத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

மைக்கில் என் பெயர் கேட்டு அம்மா வந்தாள். முதலில் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு தூக்கிக்கொண்டவள் கீழே இறக்கவே இல்லை. "நான் பேரே சொல்லலம்மா," என்றேன் பெருமையாக. அதைக் கேட்டதும் அம்மா இன்னும் பலமாக அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

முதல் பக்கத்தை அழிக்கச் சித்தப்பா மறந்துபோனார் என்றும் வெகுகாலம் நினைத்திருந்தேன். என் கல்யாணப் பந்தியில்தான் கேட்டேன்.

"மறந்தெல்லாம் போகல. சோதனைக்குப் போட்ட மத்ததெல்லாம் அழிச்சேன். உன்னுத மட்டும் விட்டுட்டேன். நீ வாயே தொறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?" என்று அப்பளத்தை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்த வைகாசிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒற்றைக் கையால்தான் கும்பிடப்போகிறேன். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படியும் கை நழுவிவிட்டால்? எல்லாப் பந்தலிலும் ஒரு சித்தப்பா இருக்க மாட்டார். யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதை நான்கு வயதுக்குப் புரிகிற மாதிரி நீங்கள் எப்படிச் சொல்லிவைத்தீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.