பாவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊதா டிபன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் இரண்டு கைகளும் ஊதா நிறத்தில் இருந்தன. என் மருமகள் நிவேதாவின் கைகளும் அதே ஊதா. சோப்புப் போட்டாயிற்று, எலுமிச்சை தேய்த்தாயிற்று, கடைசியில் பித்தளைப் பாத்திரத்துக்குத் தேய்ப்பது போலப் புளியையும் தேய்த்துப் பார்த்தாயிற்று... அசையவில்லை.

இரண்டு கிலோ நாவல் பழத்தை உட்கார்ந்து கொட்டை எடுத்தால் கை வேறென்ன நிறத்தில் இருக்கும்?

எதற்கு இரண்டு கிலோ நாவல் பழம் என்கிறீர்களா? டிபனுக்கு. நாவல் பழத்தில் என்ன டிபன் என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை — வம்பே அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் ஆரணித் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவை — அதாவது புடவையின் நீளவாட்டத்துக்கு ஓடுகிற பட்டு இழைகளை — தெருவில் நீளமாக விரித்துக் கட்டுவோம். கஞ்சி போட்டு, நீவி, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு வீட்டு ஆள்களால் ஆகிற காரியமா அது? சொந்தத்தில், அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வந்து கை கொடுப்பார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாம் போவோம். கூலி கிடையாது. பாவு யாருடையதோ, அந்த வீட்டில் டிபன். அவ்வளவுதான்.

அந்த டிபன் இருக்கிறதே... அதில் மட்டும் தப்பு நடக்கக் கூடாது. எங்களுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு தடவை பாவு அன்று பொங்கல் அடிபிடித்துவிட்டது. நடந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். அந்த வீட்டுப் பையன் படித்தான், நல்ல வேலைக்குப் போனான், மாடி கட்டினான், கார் வாங்கினான். இன்றைக்கும் கூரியர்காரர் வழி கேட்டால் தெருவில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா?

"மாடி வூடுன்னு கேட்டா எவனுக்குத் தெரியும்? தீஞ்ச பொங்கல் வூடுன்னு கேளு."

இப்படிப்பட்ட தெருவில்தான் என் மருமகள் வந்து நின்றாள். கல்யாணமாகி எட்டு மாதம். தாம்பரத்துப் பெண். மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள். என் மகன் ஓசூரில். சனிக்கிழமை கிடைத்தால் வருவான், கிடைக்காவிட்டால் வீடியோ காலில் வருவான். இந்த எட்டு மாதத்தில் என் அடுப்பில் அவள் செய்தது காபி மட்டும். "நீ போம்மா, உனக்கு மீட்டிங் இருக்கும்" என்று அனுப்பிவிடுவேன். கேட்பதற்கு அக்கறை போல இருக்கும். கரண்டியை விட மனசில்லை என்பதைத்தான் மாமியார்கள் அப்படிச் சொல்கிறோம்.

போன வாரம் அவள் நேராகவே கேட்டாள். "அத்தை, ஞாயித்துக்கிழமை நம்ம பாவு இல்ல? டிபன் நான் செய்யட்டுமா?"

"தாராளமா செய்யேன்!" என்றேன். வாய் முந்திக்கொண்டது. அப்புறம்தான் கேட்டேன், "இன்னா செய்யப் போற?"

"பேக்டு ஓட்ஸ் அத்தை. உள்ள ஃபுல்லா பழம் வெச்சு."

ஓட்ஸா!

எங்கள் பக்கத்தில் ஓட்ஸ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டில் யாருக்கோ சுகர் ரிப்போர்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். விடியற்காலையிலிருந்து காலில் நின்று பாவு நீவுகிற ஆள்களுக்கு இட்லி, வடை, பொங்கல் என்று போட்டுப் பழக்கம். அவர்கள் முன்னால் ஓட்ஸை வைத்தால்? தெருவில் இன்னொரு வீட்டுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். அதுவும் பாவம், புதுப் பெண் பேரில். நாற்பது வருஷம் இந்தத் தெருவில் இருக்கப் போகிறவள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

சனிக்கிழமை மாலை ஒரு குண்டான் இட்லி மாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சரோஜாவிடம் போனேன். "காலைல நாப்பது இட்லி ஊத்தி மூடி வெச்சிரு. சட்னியும் அரைச்சிரு. நிவிக்குத் தெரிய வேணாம்."

சரோஜா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மருமவ மேல அவ்ளோ நம்பிக்கையாக்கா?"

"நம்பிக்கை இருக்குதுடி. இட்லியும் இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவள் போல நாவல் பழத்தில் கை வைத்தேன். நிவேதா ஒரு பெரிய பாத்திரத்தில் ஓட்ஸ் கொட்டினாள். பால், வெல்லத்தூள், ஏலக்காய், உருக்கிய வெண்ணெய். முட்டைக்குப் பதிலாக, கறுத்துக் கனிந்த படவேட்டு வாழைப்பழத்தை மசித்துப் போட்டாள். மாம்பழத் துண்டு, நாவல் பழம், மேலே தூவ முந்திரி. மணம் நன்றாகத்தான் இருந்தது. உருவம்தான்...

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பாவுக்குக் கஞ்சி இப்பவே காச்சிட்டீங்களா? ரொம்பக் கெட்டியா இருக்குதே, கொஞ்சம் தண்ணி வுடு."

நிவேதாவின் முகம் சுருங்கியது. நான் அவரை முறைத்தேன். அவர் பார்வை எங்கள் கைகளுக்குப் போனது. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"தா பாருங்க, ரெண்டு பேரும் காலைல பாவுக்குப் பத்தடி தள்ளியே நில்லுங்க. சந்தனக் கலரு. முகூர்த்தப் பொடவை. ஒரு சொட்டு ஊதா பட்டுச்சின்னா நான் ஊரைக் காலி பண்ணிகினு போவ வேண்டியதுதான்."

இதை வேகவைக்க வீட்டில் ஓவன் கிடையாது. ஆனால் எதிரிலேயே சலீமின் பேக்கரி இருக்கிறது. நிவேதா ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். "விடியக்காத்தால குடுத்துரு பாப்பா. பன்னு எறக்கின சூட்டுல ஜல்தியா வெந்துரும். எனக்கு ஒரு துண்டு குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டாராம்.

அப்படியே நடந்தது. தெருவில் பாவு விரிக்கும் முன்பே ட்ரேயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவளும் அங்கேயே நின்றுகொண்டாள். இந்தப் பக்கம் நான். நடுவில், தெருவை நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்துகொண்டு எங்கள் பாவு.

ஏழேகால் மணிக்கு ட்ரே வெளியே வந்தது. அடடா! மேலே முந்திரி பொன்னாகச் சிவந்து, ஓரமெல்லாம் நாவல் சாறு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி வழிந்தது. நிவேதா இரண்டு கைகளிலும் துணியைச் சுற்றி ட்ரேயைத் தூக்கினாள். பாவை நோக்கி ஒரே ஓர் அடி வைத்தாள்.

"ஐயோ! அங்கியே நில்லு!" என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் எலெக்ட்ரிக் கம்பியில் இருந்த காக்கை பறந்தது. "சொட்டுது பாரு, சொட்டுது பாரு! பாவு சுருட்டற வரைக்கும் அது இந்தப் பக்கம் வரக் கூடாது!"

சுற்றிக்கொண்டு வரலாமே என்பீர்கள். எப்படிச் சுற்றினாலும் எங்கள் வாசலுக்குப் பாவை உரசிக்கொண்டுதான் வர வேண்டும். வெறுங்கையோடு என்றால் குனிந்து அடியில் நுழைந்துவிடுவோம். கொதிக்கிற ட்ரேயோடு?

ஆக, ட்ரே பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்தது. பக்கத்தில் நிவேதா.

பாவு நீவிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது வாய்க்கு வேலை கிடைத்தது. அதிலும் ஏகாம்பரம் — என் வீட்டுக்காரருக்குப் பங்காளித் தம்பி — இருக்கிறாரே, அவர் கை நீவும், வாய் கிழிக்கும்.

"அண்ணி, டிபன் இன்னா?"

"ஓட்ஸு."

"ஓட்ஸா? நம்மள்ல யாருக்குக் காய்ச்சல்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "வடை இல்லாத டிபன், ஜரிகை இல்லாத பொடவை. எங்கனா கண்டிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் நிவேதாவுக்குக் கேட்டுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கோ, சரோஜா வீட்டு இட்லி ஒரு பக்கம் தைரியம், ஒரு பக்கம் குத்தல்.

சலீம் தன் துண்டைக் கேட்டு வாங்கி வாயில் போட்டார். கண்ணை மூடினார். திறக்கவே இல்லை.

"அண்ணே... எப்படி இருக்கு?" நிவேதாவின் குரல் கம்மியது.

"இரும்மா, பேஜார் பண்ணாத. தின்னுகினு இருக்கேன்ல!"

டீ குடிக்க வந்த ஒருவர், "அது இன்னா பாய், கேக்கா?" என்றார். நிவேதா அவருக்கு ஒரு துண்டு கொடுத்தாள். "எப்படி இருக்குங்க?" அவர் இன்னொரு துண்டு கேட்டார். பால்காரர் வண்டியை நிறுத்தினார். அவருக்கும் ஒன்று. "எப்படி இருக்குங்க?" கோயிலுக்குப் போன இரண்டு பெண்கள், பேப்பர் போடுகிறவர்... பயந்தவளுக்கு எத்தனை பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் போதவில்லை. கேட்டுக்கொண்டே கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

இந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் குறைந்தது. காற்று திரும்பி, ஏலக்காய், வெண்ணெய் மணம் பாவைத் தாண்டி வந்தது. எட்டு ஜோடிக் கண்கள் பெஞ்சில். எட்டு ஜோடிக் கைகள் பாவில். பாதியில் விட முடியாதே!

"யோவ்!" ஏகாம்பரம்தான் கத்தினார். "பால்காரரே! அது எங்க டிபனுய்யா!"

பாருங்கள் வேடிக்கையை. அரைமணி முன்னால் அது காய்ச்சல்காரன் சாப்பாடு. பால்காரர் வாயில் போனதும் எங்க டிபன்! இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்கள் தெருவில் அன்று அக்கரை ஊதா.

அன்றைக்குப் போல வேகமாக எந்தப் பாவும் சுருட்டப்பட்டதில்லை. சுருட்டி உள்ளே வைத்த கையோடு எட்டுப் பேரும் பேக்கரிக்கு ஓடினார்கள். ட்ரேயில் இருபத்துநாலு துண்டுகள் போட்டிருந்தாள். மிச்சம் ஐந்து.

எட்டுப் பேர். ஐந்து துண்டுகள். விடியற்காலையிலிருந்து பசி.

"பத்தாதே மருமவளே..." என்றார் ஒருவர். கோபமில்லை, ஏக்கம்தான். ஆனால் நிவேதாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ 'பத்தாத டிபன் வூடு' என்று கூரியர்காரர் விசாரிப்பது காதிலேயே கேட்டது.

இனி யோசிக்க நேரமில்லை. மருமகள் மேல் நம்பிக்கையில்லாத மாமியார் என்று பெயர் வந்தால் எனக்கு வரட்டும். அவளுக்கு இந்தப் பெயர் வர வேண்டாம். சரோஜா வீட்டுக்குள் ஓடினேன். இட்லிக் குண்டானைத் தூக்கினேன். தெருவுக்கு வந்தேன்.

எதிரே நிவேதா. பேக்கரிக்குள்ளிருந்து வேகமாக வருகிறாள். இரண்டு கைகளிலும் பெரிய பெரிய பார்சல். வாழையிலை வாசனை.

நடுத்தெருவில் நின்றோம்.

"அது இன்னாம்மா?"

"பொங்கல் வடை அத்தை..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மெஸ்ல நேத்தே சொல்லிட்டேன். சலீம் அண்ணன் பன் பெட்டிக்குப் பின்னாடி வெச்சிருந்தார். யாரும் சாப்பிடலன்னா நம்ம வீட்டு மானம் போயிடுமேன்னு... நீங்க?"

"இட்லி."

"எத்தனை?"

"நாப்பது."

என் குண்டானை எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவள் கண்ணை விரித்தாள். "அத்தை! உங்களுக்கு என் மேல நம்பிக்கையே இல்லையா?"

"உனக்கே இல்லையேடி!"

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளை 'டி' போட்டேன். அவள் பார்சலோடு பேக்கரிப் படியில் உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள்... கண்ணில் தண்ணீர் வர, நாவல் சாறு ஒட்டிய கையால் துடைத்து, முகமெல்லாம் ஊதா. நான் துடைத்துவிடப் போய் இன்னும் பூசினேன். சரோஜா வாசலில் நின்று, "ரெண்டும் சேர்ந்துதான் இத்தினி நாளா குடித்தனம் பண்ணிகினு இருக்குதுங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டிபன் அமர்க்களம். இட்லி, பொங்கல், வடை. ஏகாம்பரம் இரண்டு வடைகளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, ட்ரேயை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் ஒட்டியிருந்ததை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வடை ஆறுது" என்றேன்.

"வடை எங்க போவப் போவுது அண்ணி!" சுரண்டல் நிற்கவில்லை. "மருமவளே, அடுத்த வாரம் எங்க ஊட்டுப் பாவு. நீதான் வந்து செய்யணும். ரெண்டு ட்ரே. பால்காரன் வர்றதுக்குள்ள."

செவ்வாய்க்கிழமை கூரியர்காரர் வந்தார். நிவேதாவுக்கு அவளுடைய கம்பெனியிலிருந்து ஏதோ பார்சல். "ரொம்ப அலைஞ்சீங்களா?" என்றேன்.

"இல்லம்மா. முனையிலயே சொல்லிட்டாங்க — ஊதா டிபன் வூடுன்னு."

இப்போது அடுப்பில் பாதி அவளுக்கு. இந்த வாரம் தினமும் நான் லேப்டாப் அறைப் பக்கம் போய், "மீட்டிங் முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் நம்பினால் ஒரு டிபன். நம்பாவிட்டால் மூன்று டிபன் — தெருவுக்கு எது லாபம், நீங்களே சொல்லுங்கள்!