நான் எழுதிய எட்டாவது ரூல்

முட்டைக்கோஸைச் சோப்புத்தூள் போட்டு அலசினால் என்ன ஆகும் என்று சந்தேகம் உள்ளவர்கள் என்னைக் கேட்கலாம். முதல் தண்ணீரில் மண் போகும். இரண்டாவதில் நுரை போகும். மூன்றாவதில் எல்லாம் போய்விட்டது என்று நாமாக முடிவு செய்துகொள்வோம். சாம்பாரில் போட்டுக் கொதி வந்ததும், கோஸ் இதழுக்குள் பதுக்கி வைத்திருந்ததையெல்லாம் கக்கும். சாம்பார் பால் மாதிரி பொங்கும்.

கொரோனா வந்து, யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்த மாதங்கள். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி வாரம் ஒருமுறை எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வரும். லோரிக்காரர் கையால் தொட்ட எதையும் நான் சோப்புப் போடாமல் விட்டதில்லை. நான் எஸ்டேட் ஆபீஸில் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுபவன். ஆபீஸுக்கு வரும் கடிதங்களை வெயிலில் காயவைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கேமரன் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? சாம்பிராணிப் புகை காட்டினேன். எஸ்டேட் மானேஜர், எங்கள் துரை, ஒரு கடிதத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன கிராணி, இது மாவட்ட ஆபீஸ்ல இருந்து வந்ததா, மாரியம்மன் கோயில்ல இருந்து வந்ததா?" என்று கேட்டார்.

இதையெல்லாம் தடுக்க வேண்டிய ஆள் வீட்டில் இல்லை. மகளுடைய பிரசவத்துக்கு என்று என் மனைவி தாப்பாவுக்குப் போயிருந்தாள். மலையை விட்டு இறங்கினால் ஒன்றரை மணி நேர ஓட்டம். ஆனால் தாப்பா பேராக் மாநிலம், நாங்கள் பகாங். உத்தரவு வந்த அன்றே நடுவில் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள். "பத்து நாள்ல வந்துடறேன், ரசப்பொடி நீல டப்பாவுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவள் இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலமானால் தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறி நின்று போன் போடுவேன். அங்கேதான் லைன் கிடைக்கும்.

"என்னங்க, ரோட்டை எப்பத்தான் தொறப்பாங்களாம்?"

"பேசிக்கிட்டு இருக்காங்க."

"பேத்தி அப்படியே உங்களை மாதிரிங்க. யாராவது தும்முனா திருதிருன்னு முழிக்குது."

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான், கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தப் போவதாக அறிவிப்பு வந்தது. எதை முதலில் திறப்பது, எப்படித் திறப்பது என்று திட்டம் போட எங்கள் மாவட்டத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒவ்வோர் எஸ்டேட்டும் ஒரு பக்கத்துக்குத் தன் திட்டத்தை எழுதி ஓர் ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டும். துரை என்னைக் கூப்பிட்டார்.

"கிராணி, இந்த மலையிலேயே ரொம்ப பயந்த ஆள் நீங்கதான். நீங்க எழுதினா அதுல ஓட்டை இருக்காது."

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கேட்டார்கள், ஐந்து பக்கம் எழுதினேன். மொத்தம் இருபத்து மூன்று ரூல். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதை நாங்கள் பெரட்டு என்போம். பெரட்டில் ஆளுக்கு ஆள் ஒரு மிஷின் நீளம் தள்ளி நிற்க வேண்டும் என்பது முதல் ரூல். கொழுந்து வெட்டும் மிஷினை ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிரையில் நடப்பார்கள். அந்த நீளம். இதைக் கேட்டதும், பெரட்டில் பேர் கூப்பிடும் எங்கள் கங்காணி அக்கா சொன்னாள்:

"ஐயா, இத்தனை வருசமா நானும் எதிர்ப்பக்கம் பிடிக்கிறவளும் அந்தத் தூரத்துல நின்னுதான் சண்டை போடுறோம்லா. நோய்தான் லேட்டா வந்திருக்கு."

ஏழாவது ரூல், வேறு மாநிலத்திலிருந்து யார் வந்தாலும், அவர் யாராக இருந்தாலும், பதினாலு நாள் ஆயாக் கொட்டகையில் தனியாக இருக்க வேண்டும். அம்மாக்கள் கொழுந்து வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அப்போது பூட்டிக் கிடந்தது. எட்டாவது ரூல், அப்படி இருப்பவரை ஒரு மிஷின் நீளத்துக்குள் நெருங்குபவரும், அவர் புழங்கிய பொருளைத் தொடுபவரும் அதே கொட்டகையில் பதினாலு நாள். இருபத்து மூன்றாவது, மேற்படி ரூல்களைத் தினமும் பெரட்டில் உரக்க வாசிக்க வேண்டும்.

ஏழாவதை எழுதும்போது என் கண்முன்னே வந்து நின்றது, மூட்டையோடு இருமிக்கொண்டே மலையேறி வரும் முன்பின் தெரியாத ஒரு மனிதன். அவனுக்கு மீசைகூட வைத்திருந்தேன். அந்த ஆள் சேலை கட்டி வருவான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தானா ராத்தாவில் கூட்டம். இரண்டு முகமூடி, அதற்கு மேலே பிளாஸ்டிக் பைல் உறையை வெட்டி நானே செய்த முகத்தடுப்பு. மலைக்குளிருக்கு என் மூச்சே அதில் பனியாகப் படிந்து எதிரில் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் நின்ற அதிகாரிக்குக் கும்பிடு போட்டேன். பிறகுதான் அது தண்ணீர் மிஷின் என்று தெரிந்தது. உள்ளே, கியா பார்மில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, வருகிறவர்கள் ஸ்ட்ராபெரியைக் கிள்ளிப் பார்த்தால் அதற்கு என்ன ரூல் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முடிவெட்டும் கடையை எப்போது திறப்பது என்று பேச்சு வந்தபோது, மண்டபத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தடவினோம்.

என் ஐந்து பக்கத்தையும் மாவட்ட ஆபீஸிலிருந்து வந்திருந்த மலாய்க்கார அதிகாரி அம்மா பொறுமையாகப் படித்தார். படித்து முடித்து, "பாகுஸ், என்சே! ரொம்ப நல்லா இருக்கு, ஐயா. மற்ற எஸ்டேட்டுகளுக்கும் இதையே மாதிரியாக அனுப்பப் போகிறோம்" என்று மலாயில் சொன்னார். முகத்தடுப்புக்குள் நான் சிரித்த சிரிப்பில் இன்னும் பனி படிந்தது.

அன்று சாயங்காலம் மேட்டில் ஏறினேன்.

"நம்ம ரோட்டைப் பத்திக் கேட்டீங்களா?"

சத்தியமாக அது என் ஞாபகத்திலேயே இல்லை. "கேட்டேன், கேட்டேன். யோசிக்கிறாங்க" என்றேன்.

நான் கேட்காமலேயே அது நடந்தது. மாட்டிக்கொண்டவர்கள் போலீஸிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம் என்று கொஞ்ச நாளில் சொல்லிவிட்டார்கள். "சனிக்கிழமை வர்றேன்" என்றாள். மேட்டிலிருந்து குதித்து ஓடி வந்தேன். வீட்டைக் கூட்டினேன், துடைத்தேன். அடிப்பிடித்த சட்டி இரண்டைப் பழைய சாமான்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

சனிக்கிழமைக் காலைப் பெரட்டு. கங்காணி அக்கா எப்போதும் போல ரூல் வாசித்தாள். ஏழாவது வந்ததும் நிறுத்தினாள். ஒரு மிஷின் நீளம் தள்ளித் தள்ளி நின்ற அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா, அம்மா இன்னைக்குத்தானே வர்றாங்க?"

நேரே துரையிடம் ஓடினேன். "ஒரு சின்னத் திருத்தம், துரை. 'மனைவிமார் நீங்கலாக'ன்னு ஒரு வார்த்தை."

துரை கண்ணாடியைக் கழற்றினார். "கிராணி, உங்க பேப்பரைப் பார்த்து ரிங்லெட் பக்கத்து எஸ்டேட்ல ஒருத்தரு தன் மச்சானையே ஆயாக் கொட்டகையில போட்டுட்டாராம். இப்ப நாமளே மாத்தினா நல்லாவா இருக்கும்?"

பத்து மணிக்குக் கார் வந்து ஆபீஸ் முன்னால் நின்றது. என் மனைவி இறங்கினாள். இளைத்திருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். ரிங்லெட்டில் நிறுத்தி எனக்காகப் பருப்பு வடை வாங்கியிருந்தாள். சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டியபடி என்னிடம் வந்தாள்.

நான் மூன்று அடி பின்னால் போனேன்.

போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. இரண்டு மாத வாட்ஸ்அப் வீடியோ முழுக்க என் காலுக்குள் இறங்கியிருந்தது, அதுவாகப் போனது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். நீட்டிய கை மெதுவாக இறங்கியது.

ரூலைச் சொன்னார்கள். "யாரு எழுதினது?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமினேன். கங்காணி அக்கா முந்திக்கொண்டாள்.

"நம்ம ஐயாதாம்மா. தமிழ்ல எழுதியிருக்காரு, மலாய்ல எழுதியிருக்காரு, ஒருத்தரும் தப்பிச்சுடக் கூடாதுன்னு இங்கிலீஷ்லயும் எழுதியிருக்காரு."

என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். வடைப் பொட்டலத்தைக் காரோட்டி வந்தவரிடம் கொடுத்துவிட்டாள்.

கொட்டகையில் எல்லாமே முழங்கால் உயரம். நாற்காலி, மேசை, கை கழுவும் தொட்டி, எல்லாம். சுவரில் முயல் படம். அந்தக் குட்டி நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதைச் சன்னல் வழியாகப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் செத்தேன் என்பதும் தெரியும். சன்னலுக்கு வெளியே ஒரு மிஷின் நீளம் தள்ளிக் கங்காணி அக்கா சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தாள். கோட்டின் மேல் முக்காலி. மூன்று வேளையும் சாப்பாட்டை அதில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விட வேண்டும். அப்புறம் அவள் வெளியே வந்து எடுத்துக்கொள்வாள். அவள் சாப்பிட்ட தட்டை அவளே கழுவி அவளே வைத்துக்கொள்வாள்.

"ரசத்துல என்னங்க வாசம்?"

"புளி கொஞ்சம் பழசு."

"புளியையுமா சோப்புப் போட்டுக் கழுவினீங்க?"

கழுவித்தான் இருந்தேன்.

அவள் கத்தினால் எனக்குக் கவலையே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கத்தலில்தான் நான் நேரம் தெரிந்துகொள்கிறேன். ஐந்தாம் நாள் அவள் கத்தாமல் பேசினாள்.

"பதினாலு நாள் முடிஞ்சதும் நான் இப்படியே இறங்கிப் போயிடறேங்க. போலீசுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே."

"என்னம்மா, வெளையாடுறியா?"

"நோய்க்குப் பயந்தீங்க, சரி. ஊரே பயந்துச்சு. ஆனா அங்க ரெண்டு மாசமா ஒரு புள்ளை என் நெஞ்சு மேலயே கெடந்து தூங்குச்சு. இங்க வந்து இறங்குனா, புருசன் மூணு அடி பின்னால போறாரு. யாரை நம்பி நான் இங்க வந்தேன்?"

முயலைப் பார்த்தபடி சொன்னாள். நான் ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை. முயல்கூடச் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் என் கோமாளித்தனம் எதுவும் எடுபடவில்லை. தினமும் சாப்பாட்டை வைக்கும்போது, "கடிதம் எழுதியாச்சா?" என்று மட்டும் கேட்பாள். பதினோராம் நாள் எழுதினேன். ஆபீஸ் தாளில் சுத்தமாக டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். மத்தியான நேரம். சன்னல் திண்டில் அவள் பாதி குடித்து வைத்த டீ, எவர்சில்வர் டம்ளரில் இருந்தது.

"கொண்டாந்துட்டீங்களா? முக்காலியில வைங்க" என்றாள்.

கோட்டில் நின்றேன். கால் என்ன செய்யப் போகிறது என்று நானே ஒருகணம் பார்த்துக்கொண்டிருந்தேன். சனியன் பிடித்த கால், மறுபடி பின்னால்தான் போகப் பார்த்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கோட்டைத் தாண்டிப் போய் டம்ளரை எடுத்து, முகமூடியைத் தாடைக்கு இறக்கி, எச்சில் டீயை அப்படியே குடித்தேன். வீரமாகக் குடித்தேன் என்று எழுத ஆசைதான். அவசரத்தில் பாதி சட்டையில் கொட்டியது. மீதி உள்ளே இறங்குவதற்குள் தொண்டை கரகரத்தது. சுரம் வருகிற மாதிரியும் இருந்தது.

அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ரோட்டில் நின்றுவிட்டார்கள். கங்காணி அக்கா கையைத் தூக்கினாள்.

"ஐயா! எட்டு!"

"எட்டு!" என்று மொத்த நிரையும் கத்தியது. தினமும் வாசிக்க வைத்தவன் நான்தானே.

கொட்டகையில் பால் காய்ச்சும் அறை ஒன்று தனியாக இருந்தது. தலையணையோடு என்னை அதில் போட்டார்கள். நடுவில் சுவர், கூரை வரைக்கும் எட்டாத சுவர்.

"தொண்டை எப்படி இருக்கு?" என்று சுவருக்கு மேலே குரல் வந்தது.

"கரகரன்னு இருக்கும்மா. ஆரம்பிச்சிருச்சுன்னு நெனைக்கிறேன்."

"டீயில சீனி அதிகம். அதுக்குத்தான்." இரண்டு மாதத்துக்கு மேல் நான் கேட்காத அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது. "இருபத்து மூணு ரூல் எழுதின மனுசன்!"

மூன்று நாளும் சுவரோடு பேசினோம். பேத்தியைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். கடிதத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினாலாம் நாள் காலை கங்காணி அக்கா வந்து சூடு பார்த்து, ஒன்றுமில்லை என்று அவளை வெளியே விட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். கொட்டகைக்கு எதிரே அந்த ரோடு இரண்டாகப் பிரியும். மேலே போனால் எங்கள் வீடு, கீழே போனால் ரிங்லெட், தாப்பா. கடிதம் இல்லாமல் எங்கும் போக முடியாது என்று எனக்குத் தெரியும். வேறு யாரிடமாவது எழுதி வாங்கியிருப்பாளோ என்றும் தோன்றியது. பிரியும் இடத்தில் நின்றாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பனி வந்து மூடிக்கொண்டது.

அரை நாள் முழுக்கச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்டை கரகரப்பு இருந்ததா, போய்விட்டதா என்று பார்க்கக்கூட மறந்துவிட்டேன்.

மத்தியானம் பனிக்குள்ளிருந்து எங்கள் வீட்டு டிபன் கேரியர் வந்தது. அதற்குப் பின்னால் அவள். கேரியரை முக்காலியில் வைத்தாள். சன்னலுக்குக் கீழே, என் கால் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி எடுத்து வைத்துப் பின்னால் போய் நின்றாள்.

"சாப்பிடுங்க."

வெளியே வந்து கேரியரைத் திறந்தேன். கோஸ் சாம்பாரின் மேல் விரற்கடை உயரத்துக்கு நுரை நின்றது.

ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.